அணையாத ஆரஞ்சு விளக்கு

கேள்வி: கிருஷ்ணகிரியில் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். எங்கள் சர்வரில் பழுதான பவர் சப்ளையை மாற்றி இரண்டு வாரம் ஆகிறது, முன்பக்க ஆரஞ்சு விளக்கு மட்டும் அணையவில்லை. மூன்று முறை ரீஸ்டார்ட் செய்தும் பார்த்துவிட்டேன். என்ன செய்யலாம்?

பதில்: ரீஸ்டார்ட் செய்தால் போகாதுங்க. அந்த விளக்கு விண்டோஸின் கையில் இல்லை, மதர்போர்டில் தனியாக இருக்கும் பிஎம்சி என்ற சின்ன கண்ட்ரோலரின் கையில் இருக்கிறது. சர்வரை ஆஃப் செய்தாலும் வயரில் கரண்ட் இருக்கும்வரை அது விழித்துக்கொண்டே இருக்கும், சில நேரம் பழைய பிழையையும் விடாமல் பிடித்து வைத்திருக்கும்.

பிரவுசரில் திறக்கும் பிஎம்சியின் நிர்வாகப் பக்கத்துக்குள் போய், பிழைகள் பதிவாகும் சிஸ்டம் ஈவென்ட் லாக்கைப் படியுங்கள். படிக்காமல் அழிக்கவே கூடாது, ஒரு நகலும் எடுத்து வையுங்கள். இரண்டு பவர் சப்ளையில் ஒன்றுக்குக் கரண்ட் வராவிட்டாலும் இதே விளக்கு எரியும், அதனால் இரண்டு வயரும் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கையால் தொட்டே பாருங்கள். புதுப் பிழை இல்லையென்றால் லாக்கை கிளியர் செய்யலாம்.

அப்படியும் எரிகிறதா? பேக்கப் எடுத்துவிட்டு (சீசன் கணக்கு முழுக்க அதில்தானே இருக்கும்), முறையாக ஷட்டவுன் செய்து, இரண்டு வயரையும் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். லாக்கில் மறுபடி புதுப் பதிவு விழுந்தால் பழுது இன்னும் உள்ளேதான் இருக்கிறது. சர்வீஸ்காரரைக் கூப்பிட்டு அந்த நகலைக் காட்டுங்கள்.