83 வயது அம்மாவோடு சயாம் ரயில் பார்க்க ஒரு வாரக்கடைசி போதுமா?

கிள்ளானிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் தோட்டத்திலிருந்து சயாம் ரயில் வேலைக்கு, அதாவது தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு ஜப்பான்காரன் போட்ட ரயில் பாதை வேலைக்கு, போன தாத்தா திரும்பவே இல்லை. கைக்குழந்தையாக இருந்த அம்மாவுக்கு இப்போது 83 வயது, முட்டிவலி வேறு. தாய்லாந்தில் காஞ்சனபுரியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்கிறாராம். ஒரு ஏஜெண்ட், பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் மிதக்கும் சந்தை, க்வாய் நதிப் பாலம், மரண ரயில் (சயாம் ரயிலின் இன்னொரு பெயர்), எராவன் அருவி, புலிக்கோயில் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறேன், பாதிப் பணத்தை முன்கூட்டியே கட்டுங்கள் என்கிறாராம். கட்டலாமா என்பது கேள்வி.

கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

அந்தப் பட்டியலில் புலிக்கோயில் இருக்கிறதே, துறவிகள் புலி வளர்த்த கோயில், அது ஒன்றே போதும் ஆளை எடைபோட. 2016-ல் தாய்லாந்து வனவிலங்குத் துறை உள்ளே புகுந்து 137 புலிகளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. இல்லாத புலியை இன்னும் பட்டியலில் வைத்திருப்பவர் வேறு எதைச் சரிபார்த்திருப்பார்? பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி 130 கிலோமீட்டர், அங்கிருந்து எராவன் இன்னும் 65, நடுவில் சந்தைக்காக ஒரு சுற்று. கூட்டிப் பார்த்தால் உங்கள் அம்மா நாள் முழுக்க வேனுக்குள்தான் இருப்பார். எராவன் ஏழு அடுக்கு அருவி, ஏறி இறங்க நல்ல முட்டி வேண்டும், அதை விட்டுவிடுங்கள். மிதக்கும் சந்தையில் இன்னொரு கூத்து: சந்தைக்கு வெகு முன்னாலேயே ஒரு படகுத்துறையில் வேனை நிறுத்தி, இங்கிருந்து படகில்தான் போக முடியும் என்பார்கள். பொய். சந்தை வாசல் வரை ரோடு இருக்கிறது. அந்தப் படகுக் கூலியில் கமிஷன் யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எந்தப் பேக்கேஜும் வேண்டாம் என்பதுதான் என் வழக்கமான பதில், ஒன்றைத் தவிர. தாய்லாந்து ரயில்வேயே சனி ஞாயிறுகளில் ஒரு சுற்றுலா ரயில் விடுகிறது. பாங்காக்கின் பழைய ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து காலை ஆறரைக்குக் கிளம்பி, நகோன் பதோம் கோயிலிலும் பாலத்திலும் நின்று, பாதையின் கடைசி நிலையமான நாம் தோக் வரை போய் இரவு திரும்பும். மின்விசிறிப் பெட்டிக்குக் கட்டணம் 120 பாட் சுமார்தான், முன்பதிவும் உண்டு. நேர்மையான ரயில், குறை சொல்ல மாட்டேன். அதற்காக அம்மாவை அதில் ஏற்றிவிடாதீர்கள். பதின்மூன்று மணி நேரம் ஆகும், காஞ்சனபுரி ஊருக்குள் நிற்பதோ கொஞ்ச நேரம், நீங்கள் பார்க்க வந்த இடத்தைத் தேடுவதற்குள் விசில் ஊதிவிடுவான். அண்ணன் தம்பி யாராவது தனியாகப் போனால் தாராளமாகப் போகட்டும்.

உங்களுக்கு நான் சொல்வது இது. வெள்ளி இரவு பாங்காக் வந்து தூங்குங்கள். சனி காலை ஓட்டலில் சொல்லி ஒரு கார், இரண்டரை மணி நேரத்தில் காஞ்சனபுரி. தொன்புரி நிலையத்திலிருந்து சாதாரண ரயிலும் உண்டு, ஆனால் கட்டை சீட், மின்விசிறி, மூன்று மணி நேரம். அதில் வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு நிலையம் போனாலும் கடைசி வரை போனாலும் ஒரே 100 பாட், உள்ளூர்க்காரருக்குச் சில்லறைக் காசு. எத்தனை வருடமாகப் புலம்பியும் மாறவில்லை.

ஆனால் அந்த ரயிலில் கொஞ்ச தூரமாவது அம்மா போகத்தான் வேண்டும். ஞாயிறு காலை பத்தரை வாக்கில் காஞ்சனபுரி நிலையத்துக்கு வருகிற வண்டியில் ஏறி, தாம் க்ராசே நிலையம் வரை மட்டும் போங்கள். இடதுபக்க ஜன்னலைப் பிடியுங்கள். அங்கேதான் பாறையை ஒட்டி, ஆற்றுக்கு மேலே, மரத்தூண் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும். காரை நேராக அங்கே வரச்சொல்லிவிட்டால் திரும்பும் ரயிலுக்காகக் காத்துக் கிடக்க வேண்டாம். அந்த வண்டி நேரத்துக்கு வரும் என்று நம்பி ஞாயிறு மாலை விமானத்துக்குப் போட்டுவிடாதீர்கள், திங்கள் காலைக்குப் போடுங்கள்.

பாலத்தைச் சனி மாலை அரை மணி நேரம் பார்த்தால் போதும். ஊர்க்காரரிடம் 'க்வாய்' என்று கேட்டால் சிரிப்பார், தாய் மொழியில் அது எருமை, ஆறு 'க்வே'. அதுவும் முதலில் மே க்ளோங் ஆறுதான், 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' என்ற ஆங்கிலப் படம் பார்த்துவிட்டு வந்தவர்களெல்லாம் க்வே எங்கே என்று கேட்டதால் 1960-ல் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

ஏஜெண்டுகள் உங்களைக் கூட்டிப்போவது டோன் ராக் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு. கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பெயர் பொறித்து, பளிச்சென்று இருக்கும். அத்தனையும் போர்க்கைதிகளாக இருந்த நேசநாட்டுப் படைவீரர்கள். 415 கிலோமீட்டர் பாதை போட்டதில் ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை செத்திருக்கலாம் என்கிறார்கள், அதில் மலாயாத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்களுக்கு முழுமையான பெயர்ப் பதிவேடு கிடையாது, தனித்தனிக் கல்லும் கிடையாது. எனவே தாத்தா பெயரை அங்கே வரிசை வரிசையாகத் தேடி அம்மாவை நடக்க வைக்காதீர்கள். ஒருவர் அப்படித் தேடியதை நான் கூட நின்று பார்த்திருக்கிறேன்.

நீங்கள் போக வேண்டியது பக்கத்திலேயே உள்ள வாட் தாவோன் வராராம் என்ற புத்தக் கோயிலுக்கு. தொழிலாளர்களின் எலும்புகளை எடுத்துவந்து வைத்த நினைவுத்தூண் அங்கேதான் இருக்கிறது. 2023-ல் தமிழர்களுக்காக ஒரு நடுகல்லும் நட்டிருக்கிறார்கள். டிரைவர்கள் பலருக்கு இது தெரியாது, தெரிந்தாலும் கமிஷன் இல்லாததால் வழியில் வராது. தாய் எழுத்தில் கோயில் பெயரை போனில் வைத்துக்கொண்டு காட்டுங்கள்.

தங்குவதற்கு ஆற்றில் மிதக்கும் அறை வேண்டாம். சனி இரவு பாட்டுக் கச்சேரித் தெப்பங்கள் அலறிக்கொண்டு போகும், தூங்க முடியாது.

கடைசியாக, தாய்லாந்துக்குள் நுழைய இப்போது டிஜிட்டல் வருகை அட்டை வேண்டும், 2025 மே முதல் கட்டாயம். இலவசம். பயணத்துக்கு முந்திய மூன்று நாளுக்குள் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தில் நிரப்ப வேண்டும். தேடினால் முதலில் வந்து நிற்பது பணம் கேட்கும் போலித் தளங்கள்தான். கார்டு எண் கேட்டால் மூடிவிட்டு வெளியே வாருங்கள்.

கோயிலில் வைக்க மல்லிகைச் சரமும் ஊதுபத்தியும் காஞ்சனபுரியிலேயே வாங்கலாம். கற்பூரத்தை மட்டும் பெட்டியில் வைக்காதீர்கள், விமானத்தில் விடமாட்டார்கள்.