அக்னிவீர் வேலைக்கு மூன்று லட்சமா?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது, பத்தாவது பாஸ். ராணுவத்தில் அக்னிவீராக, அதாவது நாலு வருஷச் சிப்பாயாகச் சேர ஆசைப்படுகிறான். தெரிந்த ஒருவர், மூன்று லட்சமும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்தால் வேலை நிச்சயம், கையில் குத்திய பச்சையையும் சரிக்கட்டிவிடலாம் என்கிறார். கொடுக்கலாமா? நாலு வருஷம் கழித்து அவனுக்கு என்ன கிடைக்கும்?
- ஒரு தாய், தண்டையார்பேட்டை

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள் அம்மா. இந்த புரோக்கர்கள் யாரையும் உள்ளே தள்ளுவதில்லை. பத்துப் பையன்களிடம் பணத்தை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். சொந்தமாகப் படித்து, ஓடித் தேறுகிற ரெண்டு பேரின் பணம் புரோக்கர் பைக்குப் போய்விடும். மற்றவர்களுக்கு "மேலே பேசிப் பார்த்தேன், முடியலை" என்று திருப்பிக் கொடுத்து நல்ல பெயரும் வாங்கிக்கொள்வார்கள், அதுவும் திருப்பினால்தான். மார்க் ஷீட் கேட்பது பிடி போடத்தான். ஆள்சேர்ப்பு முகாமில் ஒரிஜினலைக் காட்டவேண்டிய அன்று அது அவர் பீரோவில் இருக்கும். கொடுத்திருந்தால் இன்றே கேளுங்கள். தராவிட்டால் போலீஸ் ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுங்கள்.

பச்சை எங்கே இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லையே! முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, கையின் உள்பக்கம் என்றால் பரவாயில்லை. புறங்கையிலும் இருக்கலாம். அதே கையில் தோள்பட்டைப் பக்கம் ஏறியிருந்தால் ஆகாது. அம்மா பெயராகவே இருந்தாலும் மார்பில் ஆகாது. பரம்பரை வழக்கமாகப் பச்சை குத்தும் பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு உண்டு. இதில் யாரும் சரிக்கட்ட ஒன்றுமில்லை.

நாலு வருஷம் கழித்து? எடுத்தவர்களில் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்வார்கள். மற்றவர்களுக்குச் சேவா நிதி என்று மொத்தமாக ஒரு தொகை. முதல் வருஷம் மாதம் 30,000 சம்பளத்தில் 9,000 பிடித்துக்கொள்வார்கள், அரசும் அதே அளவு போடும். கடைசியில் வட்டி இல்லாமலே சுமார் பத்து லட்சம், வரி கிடையாது. பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. 15 வருஷம் நின்றால் சிப்பாய்க்குப் பென்ஷன் என்றிருந்த வேலை இது. கொரோனா காலத்தில் ரெண்டு வருஷம் ஆளே எடுக்காமல் இருந்துவிட்டு, 2022 ஜூனில் இந்தத் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். 23 வயதில் வெளியே வருகிறவன் மறுபடி வேலை தேடவேண்டும் என்பதை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். துணை ராணுவத்தில் இடஒதுக்கீடு என்கிறார்கள், சரி. அங்கேயும் தேர்ந்துதான் போகவேண்டும்.

விண்ணப்பம் இணையத்தில்தான். முதலில் கம்ப்யூட்டரில் தேர்வு, தமிழிலும் எழுதலாம். சந்தேகமிருந்தால் புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள ஆள்சேர்ப்பு அலுவலகத்தில் நேரிலேயே கேளுங்கள். பையன் இப்போதே ஓட ஆரம்பிக்கட்டும்: 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் அதற்கு முழு மார்க்.