எச்ஐவி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று அளப்பது ஏன் கடினம்?

விதித்த மாத்திரைகளில் எத்தனை சதவீதம் உள்ளே போனது என்பதே கணக்கு. 95க்கு மேல் இருந்தால் நல்லது என்பார்கள். விழுங்குவதை யாரும் பார்ப்பதில்லை, சிக்கலே அதுதான்.

மஞ்சூரிலிருந்து ஊட்டி எச்ஐவி சிகிச்சை மையத்துக்கு வருபவரிடம் 30 மாத்திரை டப்பா, தினம் ஒன்று. 28ஆம் நாள் 4 மிச்சம் என்றால் 26/28, ஏறக்குறைய 93 சதவீதம். ஆனால் மழையில் பஸ் நின்றுவிடுமோ என்று முன்மாதம் மிச்சம் வைத்த 3ஐயும் அதே டப்பாவில் போட்டிருந்தால்? ஒருநாள்கூட விடாதவரிடமும் 5 மிஞ்சும். பழைய மூன்றைக் கூட்டாமல் எண்ணினால் 25/28, 89 சதவீதம், வீண் பழி. திட்டு விழும் என்று பயந்து மிச்சத்தைக் கொட்டிவிட்டு வருபவருக்கோ கணக்கு கச்சிதமாக இருக்கும். வாய்க்கேள்வியும் இப்படித்தான்: "எல்லாம் போட்டேங்க" என்பதே பதில். "கடைசி நாலு நாளில் எத்தனை விட்டுப்போச்சு?" என்று கேட்பது மேல்.

மாத்திரையை எண்ணுவது தேயிலை எடை போடுவது மாதிரி: தராசு கிலோவைச் சொல்லும், கூடைக்குள் முற்றின இலை கலந்திருப்பதைச் சொல்லாது. ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் வைரஸ் லோடு பரிசோதனை விளைவைக் காட்டும். ஆனால் அடிக்கடி எடுப்பதில்லை, எந்த நாள் விட்டது என்றும் தெரியாது.

வைரஸ் லோடு ஏறினாலே மாத்திரையை விட்டுவிட்டார் என்று பலர் நினைக்கிறார்கள்; மருந்துக்கு வைரஸ் பழகிப்போயிருக்கலாம், அல்லது டோலுடெக்ராவிர் என்ற எச்ஐவி மருந்துடன் வெறும் வயிற்றில் இரும்பு, கால்சியம் மாத்திரை சேர்ந்து போய் மருந்து சரியாக உறிஞ்சப்படாமலும் இருக்கலாம்.