ஆர்ச்ச மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, சுவர பாருங்க

மக வீட்டுக்கு லண்டன் போற வாசகி ஒருத்தங்க கேட்டிருக்காங்க: "ரவுண்டு ஆர்ச் இருந்தா ரோமனெஸ்க், மேல கூரா இருந்தா கோதிக்னு ஒரு வீடியோல சொன்னாங்க. அது போதுமா? லண்டன்ல ரோமனெஸ்க் எங்க பாக்கலாம்?"

போதாதுங்க. ரோமனெஸ்க்கும் கோதிக்கும் இடைக்கால ஐரோப்பாவோட ரெண்டு கட்டடப் பாணிங்க, ரோமனெஸ்க் முந்தினது, கோதிக் அதுக்கு அப்புறம் வந்தது. முதல்ல ஒரு விஷயம், அங்க போர்டுல ரோமனெஸ்க்னு தேடிட்டு நிக்காதீங்க, இங்கிலாந்துல இத நார்மன்னுதான் எழுதி வச்சிருப்பாங்க, 1066ல நார்மண்டில இருந்து வந்து நாட்ட பிடிச்ச வில்லியமோட ஆளுங்க பெரிய அளவுல கொண்டு வந்த பாணிங்கறதால அந்த பேரு.

இப்ப சுவருக்கு வருவோம். வளைஞ்ச கல் கூரை கீழ மட்டும் அழுத்தாது, ரெண்டு பக்க சுவரையும் வெளிப்பக்கமா தள்ளிக்கிட்டே இருக்கும், நார்மன் கட்டடத்துல அத தாங்கறது சுவர்தான், அதனால சுவர் தடிமனா இருக்கணும், அதுல பெருசா ஜன்னல் வெட்டினா பலம் போயிடும், அதனாலதான் ஜன்னல் சின்னது, உள்ள வெளிச்சம் கம்மி. கோதிக்ல அந்த தள்ளுவிசைய வெளிய நிக்கிற முட்டுச்சுவருங்க வாங்கிக்கும், அதனால சுவர் இருக்க வேண்டிய இடத்துல கண்ணாடி வைக்க முடிஞ்சது. அதனால உள்ள நுழைஞ்சதும் கூரையோட பாரம் எங்க போய் இறங்குதுன்னு பாருங்க, பாதி விடை அதுலயே கிடைச்சிடும்.

லண்டன் டவர் போனா எல்லாரும் கிரீட நகைங்க இருக்கிற க்யூவுல போய் நிப்பாங்க. நீங்க முதல்ல நடுவுல இருக்கிற ஒயிட் டவருக்குள்ள போங்க, 1070கள்ல ஆரம்பிச்ச கட்டடம், அடியில சுவர் கிட்டத்தட்ட நாலரை மீட்டர் தடிமன். வெளிய தெரியற ஜன்னல்ங்க பெரும்பாலும் பிற்காலத்துல பெருசாக்கினது, அத வச்சு குழம்பிடாதீங்க. மேல செயின்ட் ஜான் சேப்பல்னு ஒண்ணு இருக்கு, எனக்கு அந்த ஊர்லயே ரொம்ப பிடிச்ச இடம். குட்டையா கனமா உருண்ட தூணுங்க, அதுக்கு மேல ரவுண்டு ஆர்ச், அதுக்கும் மேல பீப்பாய நீளவாக்குல பாதியா அறுத்து கவுத்த மாதிரி கூரை, அலங்காரம்னு பெருசா எதுவும் கிடையாது. ஒரு தூண் பக்கத்துல போய் நின்னு தலைப்பகுதிய பாருங்க, மேல சதுரமா ஆரம்பிச்சு கீழ வர வர மூலைங்க மழுங்கி உருண்ட தூணோட சேர்ந்துக்கும்.

வெஸ்ட்மின்ஸ்டர் அபி போறப்பவும் அங்கயே பழசு கொஞ்சம் மிச்சம் இருக்கு, பிக்ஸ் சேம்பர்னு கேளுங்க. தாழ்வான அறை, 1070 வாக்குல கட்டினது, இப்ப நாம பாக்கிற பெரிய சர்ச் 1245ல மூணாம் ஹென்றி ஆரம்பிச்சது.

ஒரு நாள் கூடுதலா இருந்தா கிங்ஸ் கிராஸ்ல ரயில் ஏறி டர்ஹாம் போயிடுங்க, ஏறக்குறைய மூணு மணி நேரம். 1093ல ஆரம்பிச்சு 1133ல முடிச்ச கதீட்ரல். தூணோட சுத்தளவும் உயரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான், ரெண்டும் 6.6 மீட்டர், ஒண்ணுல நெளிகோடு, ஒண்ணுல டைமண்ட் கட்டம், இன்னொண்ணுல சுத்திச்சுத்தி ஏறுற வரின்னு கல்லுலயே ஆழமா வெட்டியிருக்காங்க, விரல உள்ள விட்டா பதியும். அங்க அண்ணாந்து பாத்தீங்கன்னா கூரைய குறுக்கால தாங்கற ஆர்ச்சுங்க கூராதான் இருக்கும்! கட்டடம் சுத்தமான நார்மன், ஆனா ஆர்ச் கூரு. அந்த வீடியோ சொன்ன ரூல் அங்க செல்லாது, சுவரையும் தூணையும் பாத்தா சந்தேகமே வராது.