ரேடியேஷனுக்குப் பிறகு பல் பிடுங்கலாமா?

அப்பாவுக்குக் கீழ்த்தாடையில் ரேடியேஷன் முடிந்து எட்டு மாதம், சொத்தையான இரண்டு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு பல்செட் வைக்கலாம் என்று பக்கத்து கிளினிக்கில் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து பொறுங்கள். (அவர்கள் ரேடியேஷன் பற்றிக் கேட்டார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.) கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும், பிடுங்கிய குழி ஆறாமல் எலும்பே செத்து வெளியே தெரிகிற ஆபத்து உண்டு, கதிர்வீச்சின் டோஸ் 60 கிரேயை (கிரே என்பது அந்த டோஸை அளக்கும் அலகு) தாண்டியிருந்தால் இன்னும் அதிகம், வருடங்கள் போனாலும் அது முழுசாக விலகாது. சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் தாடைக்குப் போன டோஸை எழுதி வாங்கி, செயற்கைப்பல் நிபுணரிடம் காட்டுங்கள். பல நேரம் வேர் சிகிச்சை செய்து, மேல்பாகத்தை மட்டும் வெட்டி, வேரை அப்படியே விட்டுவிடுவார்கள். அப்புறம், ரேடியேஷனால் எச்சில் வற்றிய வாயில் பல்செட் சரியாகப் பிடிக்காது, ஈறை உரசிப் புண்ணாக்கும். இம்பிளாண்ட் (தாடை எலும்பில் திருகிப் பொருத்தும் செயற்கைப் பல்) முடியுமா என்பதும் அந்த டோஸைப் பார்த்துத்தான்.