என் தம்பியும் மான்டடோர் போல ஆகிவிடுவானா?

கேள்வி: கனடாவில் இருக்கிறோம். என் தம்பிக்கு வயது 34. சிறு வயதிலிருந்து ஐஸ் ஹாக்கி ஆடியவன், தலையில் பலமுறை அடிபட்டிருக்கிறது. மூன்று வருடம் முன்பு ஆட்டத்தை விட்டுவிட்டான். இப்போது தூக்கமில்லை, சட்டென்று கோபம், மறதி. மறைந்த ஹாக்கி வீரர் ஸ்டீவ் மான்டடோர் என்றால் அவனுக்கு உயிர். “எனக்கும் அதே முடிவுதான்” என்கிறான். ஸ்கேன் எடுத்தால் சி.டி.இ. இருக்கிறதா என்று தெரியுமா?

பதில்: தெரியாது. திரும்பத் திரும்பத் தலையில் விழும் அடிகளோடு தொடர்புள்ள மூளைச் சிதைவைத்தான் சி.டி.இ. என்கிறோம். மூளை மடிப்புகளின் ஆழத்தில், ரத்தக் குழாய்களை ஒட்டி டௌ என்ற புரதம் படிகிறது. இறந்த பிறகு மூளைத் திசுவை நுண்ணோக்கியில் பார்த்துத்தான் இன்றுவரை அதை உறுதி செய்கிறார்கள். அதிலும் குழப்பம் வரும். முன்னாள் ஹாக்கி வீரர் டாட் யூவென் 2015-இல் 49 வயதில் இறந்தபோது முதல் பரிசோதனையில் சி.டி.இ. இல்லை என்றார்கள், பிறகு பாஸ்டனில் பார்த்தபோது இருந்தது.

உங்கள் தம்பியின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் மான்டடோரை எந்த அணியும் எடுக்கவில்லை. அப்படி வந்தவர் வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீகான என்.எச்.எல்.லில் 571 ஆட்டங்கள் ஆடினார். 2004-இல் பிளே ஆஃப் என்ற கோப்பைச் சுற்றில் சான் ஹோசே அணிக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் அவர் அடித்த கோல் அவருடைய கால்கரி அணி ரசிகர்களுக்கு மறக்காது. 2015 பிப்ரவரியில் 35 வயதில் போய்விட்டார். நான்கு நாள் கழித்து அவருடைய மகன் பிறந்தான். டொராண்டோவில் அவர் மூளையை ஆராய்ந்தபோது சி.டி.இ. இருந்தது. ஆனால் அது இருந்தது என்பதாலேயே அதனால்தான் இறந்தார் என்று ஆகிவிடாது. உங்கள் தம்பி இந்த இரண்டையும் ஒன்றாக்கிக்கொண்டிருக்கிறார்.

ஐஸ் ஹாக்கி ஆடும் ஒவ்வொரு கூடுதல் வருடமும் சி.டி.இ. வாய்ப்பைச் சுமார் 34 சதவீதம் கூட்டுகிறது என்று பாஸ்டன் ஆய்வு ஒன்று 2024-இல் சொன்னது உண்மைதான். ஆனால் அது 77 பேரின் தானம் செய்யப்பட்ட மூளைகளில் பார்த்தது. ஏற்கெனவே தொல்லை இருந்தவர்களின் குடும்பங்களே பெரும்பாலும் தானம் செய்ய முன்வருகின்றன. அந்தக் கணக்கை வைத்து ஒருவரின் விதியை எழுத முடியாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நீங்கள் சொன்ன மூன்று தொல்லைகளும் மனச்சோர்வில் வரும், தூக்கக் கோளாறில் வரும், பழைய தலைக்காயத்தின் தொடர்ச்சியாகவும் வரும். இவற்றுக்கெல்லாம் சிகிச்சை உண்டு. இரண்டு வாரம் ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மணிக்குத் தூங்கினார், குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறி எழுந்தாரா, எந்த நேரத்தில் தலைவலி, வெளிச்சம் கூசுகிறதா, மது எவ்வளவு, வலி மாத்திரை எத்தனை. இந்த கடைசி இரண்டையும் டாக்டரிடம் மறைக்கவே கூடாது. நோட்டோடு நீங்களும் கூடப் போங்கள். கோபம் வந்ததை அவர் சொல்லமாட்டார், நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

“அதே முடிவு” என்று அவர் சொன்னால், உயிரை விடும் எண்ணமா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். கனடாவில் 988-க்கு எந்நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உடனடி ஆபத்து என்றால் 911.

அப்புறம், மான்டடோரைப் போலத் தானும் மூளையை தானம் செய்கிறேன் என்று அவர் சொன்னால் தடுக்காதீர்கள், நல்ல காரியம். அந்தப் படிவத்தைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். இந்த வாரம் டாக்டர் அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.