மெட்ரோ ரயில் பிரேக் போட்டால் மின்சாரம் உண்டாகிறது என்கிறார்களே, எப்படி?

இதை ரீஜெனரேட்டிவ் பிரேக்கிங் என்பார்கள். ஓடும் ரயிலின் வேகத்தைக் குறைத்து, அந்த வேகத்தில் இருந்த ஆற்றலையே மின்சாரமாக மாற்றிக்கொள்வது, அவ்வளவுதான்.

மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்தால் சக்கரம் சுற்றும். கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஓடுகிற சக்கரம் மோட்டாரைச் சுழற்றும்படி விட்டால் அதே மோட்டார் ஜெனரேட்டராகிவிடும். பழைய சைக்கிளில் டைனமோவை டயரோடு சாய்த்தால் விளக்கு எரியும், ஆனால் மிதிப்பது கனமாகிவிடும் இல்லையா? அந்தக் கனம்தான் இங்கே பிரேக்.

சரி, கிடைத்த மின்சாரம் எங்கே போகிறது? சென்னை மெட்ரோவில் மேலே ஓடும் 25,000 வோல்ட் கம்பிக்கே திரும்பப் போகிறது, அப்போது பக்கத்தில் கிளம்பிக்கொண்டிருக்கும் இன்னொரு ரயில் அதை இழுத்துக்கொள்ளும். கிலோமீட்டருக்கு ஒரு ஸ்டேஷன் என்று நின்று நின்று போகும் வண்டிக்கு இது நல்ல லாபம். டெல்லி மெட்ரோ இதற்காக ஐ.நா. திட்டத்தில் கார்பன் கிரெடிட்டே (கரியமில வாயு வெளியேற்றத்தைக் குறைத்ததற்கான, விற்கக்கூடிய சான்று) வாங்கியது. வேகம் ரொம்பக் குறைந்தபின் மோட்டாரின் பிடி போதாது, நிறுத்தி வைப்பது காற்று பிரேக்தான்.

பலர் நினைப்பதுபோல இந்த மின்சாரம் பெட்டிக்கு அடியிலுள்ள பேட்டரியில் சேமிக்கப்படுவதில்லை, அந்த பேட்டரி இருப்பது, கம்பியில் மின்சாரம் நின்றுபோனால் அவசர விளக்கு, அறிவிப்பு போன்றவற்றுக்கு.